அம்பது வயசுல ஒத்தச் சக்கர சைக்கிள்: போறது எலும்பா, மானமா?

(திரையில்: விடியற்காலை, வேலூர் கோட்டை மைதானம். வாக்கிங் போற கூட்டம் கழுத்தத் திருப்பிப் பாக்குது.)

வணக்கம் மக்களே! நாப்பது தாண்டியாச்சு, படி ஏறினா முட்டி லேசா சத்தம் போடுது, டாக்டர் "தினம் நடங்க சார்"னு சொல்லி அனுப்பிட்டாரு. இந்த நேரத்துல ஹேண்டில்பார் இல்லாத, பிரேக் இல்லாத, செயின் கூட இல்லாத ஒரு சைக்கிள்ல ஏறணும்னு ஒருத்தனுக்குத் தோணுமா? எனக்குத் தோணுச்சு. வீட்ல திட்டும் விழுந்துச்சு.

மூணு கேள்வி. இந்த வயசுல கத்துக்க முடியுமா? விழுந்தா என்ன ஆவும்? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க? மூணாவது கேள்விக்கு ஒரு தோல் டாக்டர் ஆராய்ச்சியே பண்ணி, உலகம் பூரா டாக்டருங்க படிக்கிற இதழ்ல போட்டிருக்காரு. சத்தியமா! நான் இந்த வீடியோவ எடுத்ததே அவருக்காகத்தான். ஸ்கிப் பண்ணிடாதீங்க.

வரலாறு ஒரே மூச்சுல. 1870-கள்ல முன்னாடி ராட்சசச் சக்கரம், பின்னாடி குட்டிச் சக்கரம்னு ஒரு சைக்கிள் இருந்துச்சு. பெடல் நேரா முன் சக்கரத்துலயே. அழுத்தி ஓட்டுனா பின் சக்கரம் அப்பப்ப தரைய விட்டுக் கிளம்பும். "அப்ப இது எதுக்கு?"ன்னு எவனுக்கோ தோணினதுதான் ஆரம்பம்னு சொல்றாங்க. அப்புறம் சர்க்கஸ்காரங்க பிடிச்சிக்கிட்டாங்க. ஜப்பான்ல ஆரம்பப் பள்ளிக்கூடத்துலயே இது உண்டு, பொம்பளப் புள்ளைங்கதான் வெளுத்து வாங்கும். எட் பிராட்னு ஒரு இங்கிலாந்துப் பையன் 2015-ல கிளம்பி, 36 இஞ்ச் சக்கரத்துலயே உலகத்தச் சுத்தி 2018-ல வீடு திரும்பினான். போதும், வரலாறு முடிஞ்சுது.

(திரையில்: பெடலும் சக்கரமும் மட்டும், கிட்டத்துல.)

இப்ப இது எப்படி நிக்குதுன்னு பாருங்க. சின்ன வயசுல உள்ளங்கையில குச்சிய நட்டு நிறுத்துவோம்ல? குச்சி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் கைய ஓட்டணும். இதுவும் அதே சங்கதி. நீங்கதான் குச்சி, சக்கரம்தான் கை. முன்னாடி சாஞ்சா வேகமா மிதிச்சு சக்கரத்த உங்களுக்கு அடியில கொண்டு வரணும். பின்னாடி சாஞ்சா மிதிய அடக்கணும். பக்கவாட்டுல சாஞ்சா இடுப்ப முறுக்கி, சாயுற பக்கமே சக்கரத்தத் திருப்பணும். ஓட்டத் தெரிஞ்சவங்க கூட ஒரு நொடி சும்மா நிக்கிறதில்ல. விழப் போறதும் சமாளிக்கிறதுமா போயிட்டே இருக்காங்க.

சாதா சைக்கிள்ல மிதிக்காம உருளலாம். இதுல அந்தப் பேச்சே கிடையாது. பெடல் சக்கரத்தோட அச்சுலயே பிடிச்சிருக்கு. சக்கரம் சுத்தினா கால் சுத்தணும், கால் நின்னா சக்கரம் நிக்கும். நீங்க மட்டும் போயிட்டே இருப்பீங்க.

கத்துக்கறவங்க எல்லாரும் மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு. பெடல் ரெண்டும் தரைக்குச் சமமா இருக்கும்போது மிதிச்சா நல்லா தள்ளும். ஒண்ணு நேர் மேல, ஒண்ணு நேர் கீழன்னு வந்துடுச்சுன்னா எவ்வளவு மிதிச்சாலும் நகராது. 20 இஞ்ச் சக்கரம் ஒரு சுத்துக்கு ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல போகும். ஆரம்பத்துல எல்லாரும் அரைச் சுத்து, அதாவது முக்கா மீட்டர் போயி, அந்தச் செத்த இடத்துல நின்னு, பொத்துனு இறங்குவாங்க. அதத் தாண்டணும்னா உடம்ப முன்னாடி குடுத்து, வந்த வேகத்துலயே அடுத்த மிதிக்குப் போயிடணும்.

நடுவயசுக்காரனுக்குத் தகராறே இங்கதான். பத்து வயசுப் பையன் யோசிக்காம முன்னாடி சாஞ்சுடுவான். நம்ம உடம்பு இத்தன வருஷமா விழாம இருக்கத்தான் பழகியிருக்கு. அது சாயாது. சுவத்தப் பிடிச்சுக்கும், பெடல் மேல ஏறி நின்னுக்கும், தொட ரெண்டும் எரியும். வெயிட்டு முழுக்க சீட்டுல இருக்கணும், காலு சும்மா சுத்தணும். இது மண்டையில ஏற ஒரு நிமிஷம், தொடைக்குப் புரிய பல வாரம்.

சரி, வயசு சங்கதி. காதுக்குள்ள சமநிலைய உணர்ற நுண்ணிய செல்லுங்க வயசாக ஆகக் குறையுது. நிஜம்தான். சுகர் ரொம்ப நாளா இருந்தா பாதத்துல உணர்ச்சி மந்தமாகலாம். சில பிரஷர் மாத்திரை லேசா கிறுகிறுப்பு குடுக்கும். இதெல்லாம் இருக்கிறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, எலும்பு தேய்மானம்னு சொல்லப்பட்டவங்க, முதல்ல டாக்டரக் கேளுங்க. ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமான ஊரா இது? நாடே வைத்தியத்துக்கு இங்கதான் வருது.

ஆனா "மூளை இனிமே கத்துக்காது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. 2008-ல ஜெர்மனியில அறுபது வயசு ஆட்களுக்கு மூணு பந்தத் தூக்கிப் போட்டுப் பிடிக்க மூணு மாசம் கத்துக் குடுத்தாங்க. இருபது வயசுக்காரங்க அளவுக்கு எல்லாரும் தேறல. ஆனா தேறினவங்க மூளைய ஸ்கேன் பண்ணிப் பாத்தா சில இடம் வளர்ந்திருந்துச்சு. பழக்கத்த விட்டதும் அது திரும்பக் குறைஞ்சும் போச்சு. மெதுவா கத்துக்குவோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எலும்பு? ஒத்தச் சக்கரத்துல பெரும்பாலும் நின்னபடியே இறங்கிடுவோம், சைக்கிள்தான் பின்னாடி ஓடும். பயப்பட வேண்டியது, கைய ஊணி விழுறதுக்குத்தான். மணிக்கட்டு உடையறது அப்படித்தான். அதனால ஸ்கேட்டிங் பசங்க போடுற மணிக்கட்டு கார்டு கட்டாயம். ஹெல்மெட்டும் கட்டாயம். பெடல் திரும்பி முழங்கால் கீழ அடிக்கும், அதுக்கு ஃபுட்பால்காரங்க மாட்டுற கார்டு. லுங்கி, வேட்டி வேண்டாம், காரணம் நான் சொல்லணுமா? ஷூ லேஸ உள்ள சொருகிடுங்க. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ்ல பாக்கற புரோகிரசிவ் கண்ணாடி போடுறவங்க கீழ குனிஞ்சு பாத்தா தரை மங்கலா ஆடும், தூரத்துல ஒரு மரத்தப் பாத்து ஓட்டுங்க. பெடல்ல எல், ஆர்னு எழுத்து இருக்கும். பாத்து மாட்டுங்க. இடது பெடல் மரை எதிர்ப் பக்கம் சுத்துறது, மாத்திப் போட்டா ஓட்ட ஓட்டக் கழண்டுக்கும்.

இடம்? வழவழன்னு சிமெண்ட் தரை. புல்லு மெத்துனு தெரியும், ஆனா சக்கரம் உருளாது. மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். நேரம், நம்ம ஊர்ல காலையில ஆறு மணிக்குள்ள. கத்திரி வெயில்ல ஏழு மணிக்கு மேல ஓட்டுனா விழறதுக்கு முன்னாடியே மயக்கம் வந்துடும்.

(திரையில்: கொட்டை எழுத்துல, "இப்ப மானம்!")

வந்துட்டோம். சாம் ஷஸ்டர். இங்கிலாந்துல நியூகாசில் பல்கலைக்கழகத்துல தோல் மருத்துவப் பேராசிரியரா இருந்து ஓய்வு பெத்தவர். ஓய்வுக்கு அப்புறம் மனுஷன் ஒத்தச் சக்கரத்துல ஏறினாரு. தெருவுல போனா ஆளாளுக்கு ஏதோ கத்துறாங்க. நாமளா இருந்தா கோவப்படுவோம், இல்ல சைக்கிள பரண்ல போட்டுடுவோம். அவரு நோட்டப் போட்டு எழுத ஆரம்பிச்சாரு. நானூறு பேருக்கு மேல! ஆம்பளையா பொம்பளையா, உத்தேசமா என்ன வயசு, என்ன சொன்னாங்க, எல்லாம். 2007 டிசம்பர்ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. கிறிஸ்துமஸ் சமயத்துல அந்த இதழ் கொஞ்சம் விளையாட்டான கட்டுரைங்களும் போடும்.

கண்டுபிடிச்சது என்ன? பொம்பளைங்க பெரும்பாலும் பாராட்டுனாங்க, இல்லன்னா "பாத்து"ன்னு அக்கறைப்பட்டாங்க. ஆம்பளைங்கள்ல முக்கால்வாசிப் பேரு ஜோக் அடிச்சாங்க. அதுவும் பெரும்பாலும் ஒரே ஜோக்: "இன்னொரு சக்கரம் எங்க?" ஒவ்வொருத்தனும் தான்தான் முதல்ல யோசிச்சோம்னு நெனச்சு சொல்றான்! சின்னக் குழந்தைங்க ஆசையா பாத்துச்சு. பதினொண்ணு, பன்னெண்டு வயசு ஆன பசங்க அவர விழ வைக்கப் பாத்தானுங்க. அதுக்கு மேல கிண்டல். கார்ல போற இளவட்டம்தான் மோசம். வயசு ஏற ஏற ஆம்பளைங்க பேச்சு தணிஞ்சு, பிரியமா மாறிடுது. ஆம்பள ஹார்மோன்தான் இந்தக் கிண்டலுக்கு வேர்னு ஷஸ்டர் முடிவு கட்டினாரு. அதுல எனக்கு அரைகுறைச் சம்மதம்தான். ஆனா வரிசை இருக்கே, அது அப்படியே காட்பாடிக்கும் பொருந்துது.

காந்தி நகர்ல ஒரு தெரு. பைக்ல ரெண்டு பசங்க: "இன்னாண்ணா, இன்னொரு சக்கரத்த சேட்டுகிட்ட அடகு வெச்சிட்டியா?" ஆட்டோ ஸ்டாண்டுல: "சார், பாதிதான் டெலிவரி ஆச்சா?" சிரிச்சிட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு. பூக்கார அம்மா: "பாத்துப் போ நைனா, கை கால் போயிடப் போவுது. ஊட்ல தெரியுமா?" நியூகாசில் எங்க, காட்பாடி எங்க! அதே பிரிவு, அதே வசனம்.

டீக்கடை பெஞ்சுல ஒரு பெரியவர். சிரிக்கல. டம்ளர கீழ வெச்சிட்டு எழுந்து வந்து, சீட்ட ரெண்டு தட்டு தட்டிப் பாத்தாரு. "முன்னல்லாம் ஊருக்கு ஊரு வருவாங்கபா, மைதானத்துல நாள் கணக்கா சைக்கிள விட்டு எறங்காம சுத்துவான். குளிக்கிறது, துன்றது எல்லாம் அதுலயே. உன்ன மாதிரி எழுந்து நின்னுக்கினு ஓட்டமாட்டான். உக்காந்து ஓட்டு"ன்னாரு. வெயிட்டு சீட்டுல இருக்கணும்னு நான் இவ்வளவு நேரம் விளக்கினத அவரு ஒரே வார்த்தையில சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

ஆரம்பிக்க நெனக்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் என் கட்சி இதுதான். மணிக்கட்டக் காப்பாத்த கார்டு கடையில கிடைக்குது. மானத்துக்குக் கார்டு விக்கிறதில்ல, அதனால ஆளில்லாத இடத்துல ஒளிஞ்சு கத்துக்காதீங்க. நாலு பேரு நடக்கிற இடத்துலயே முதல் நாள் விழுந்துடுங்க. மூணாவது நாள் அவங்களே "இன்னிக்கு ரெண்டு சுத்து போனீங்க சார்"னு எண்ணிச் சொல்லுவாங்க.

இப்ப உங்க வேலை. உங்க தெருவுல அம்பது வயசு ஆளு ஒருத்தர் ஒத்தச் சக்கரத்துல போறாரு. உங்க வாயில முதல்ல என்ன வரும்? நிஜத்த கமெண்ட்ல எழுதுங்க, கூடவே வயசும் ஆணா பெண்ணான்னும் போடுங்க. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை, எல்லா ஊரும் வாங்க. நானூறு பேரு சேர்ந்ததும் ஷஸ்டர் கணக்கோட வெச்சுப் பாத்துடலாம். "இன்னொரு சக்கரம் எங்க"ன்னு எழுதுறவங்களுக்கு மட்டும் ஹார்ட் கிடையாது.