கம்பெனி கொடுத்தால் சம்பளம், ரசிகர் கொடுத்தால் பிச்சையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மற்ற எல்லாருக்கும் எதிரணி அண்ணன் வணக்கம் சொல்லிவிட்டார். அவர் பேச்சில் உருப்படியானது அது ஒன்றுதான்.

தனித்து நிற்கும் பாடகரை வாழவைப்பது இசைத்தட்டு நிறுவனமா, ரசிகரா? ரசிகரே என்பது எங்கள் கட்சி. ரசிகர் தரும் பணத்தில் பாட்டு வெளியிட்ட அமெரிக்கப் பாடகி அமண்டா பால்மர், நான் பேசலாம் என்று வைத்திருந்தவர், அவரை அண்ணன் முந்திக்கொண்டு இழுத்தார். இழுத்து ஒரே வரியில் முடித்தார்: "கம்பெனி கொடுத்தால் சம்பளம், ரசிகர் கொடுத்தால் பிச்சை." கூடவே புறநானூற்றிலிருந்து "ஈயென இரத்தல் இழிந்தன்று" என்று ஒரு அடி. நீங்களும் கை தட்டினீர்கள். தட்டினது யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன். எழுதிக்கொண்டு வந்த குறிப்பை அப்போதே மடித்துப் பையில் போட்டுவிட்டேன். இனி பிச்சையைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

இந்த அமண்டா யாரோ எவரோ இல்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக வீடு பார்க்கப் போய், விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வருகிறோமே நம் பாஸ்டன் பக்கத்து லெக்சிங்டன், அங்கே வளர்ந்த பெண். பாட்டைத் தானே எழுதி, பியானோவைத் தானே வாசித்து, தானே பாடுகிறவர். பியானோ நம் வீடுகளிலும் இருக்கிறது. மேலே மடிக்காத துணி குவிந்து கிடப்பதால் உங்களுக்கு அடையாளம் தெரியாது.

வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்தார். நம் வீட்டுப் பெண் என்றால் அடுத்து என்ன? வேலை, அப்புறம் கல்யாணம். இவர் இரண்டையும் ஒன்றாக்கினார். கல்யாண கவுனைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனார். எங்கே? ஹார்வர்டு சதுக்கம். இதோ, ரெட் லைன் ரயிலில் ஏறினால் இறங்குகிற இடம். முகமெல்லாம் வெள்ளைச் சாயம் பூசி, ஒரு பெட்டி மேல் ஏறிச் சிலையாக நின்றார். எட்டடி மணமகள் என்று பெயர். காலடியில் ஒரு டப்பா. யாராவது காசு போட்டால் சிலைக்கு உயிர் வரும். மெல்லக் குனிந்து, கண்ணோடு கண் பார்த்து, ஒரு பூ கொடுக்கும். பூவை வாங்காமல் போகிறவரைப் பார்த்துச் சோகமாகக் கையை நீட்டும். கல்லூரி முடித்துச் சுமார் ஐந்து வருஷம் இதுதான் பிழைப்பு.

அப்போது காரில் போகிறவர்கள் கத்துவார்கள்: "போய் ஒரு வேலையைப் பாரு!" எட்டடி உயரத்தில், மூக்கு அரித்தால் சொறியக்கூட முடியாமல் ஒருத்தி நிற்கிறாள். சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து போகிறவர் அவளை வேலை பார்க்கச் சொல்கிறார்! "இதுதானே என் வேலை" என்று நினைத்துக்கொள்வாராம் அமண்டா.

பின் வரிசைக்குச் சரியாகக் கேட்டிருக்காது, திரும்பச் சொல்கிறேன். வாயால் வேண்டாம். அண்ணே, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். இந்த நாற்காலி மேல் ஏறவெல்லாம் வேண்டாம், நாற்காலி மன்றத்துடையது. தரையிலேயே நில்லுங்கள். கை இப்படி. கண் கொட்டக் கூடாது. சிரிக்கக் கூடாது. பார்த்தீர்களா, கால் மாற்றிவிட்டார். இப்போது வேட்டியைச் சரி செய்கிறார். அரை நிமிடம் முடியவில்லை! ஐந்து வருஷம் நின்றவளுக்கு இவர் வைத்த பெயர் பிச்சைக்காரி. உட்காருங்கள் அண்ணே, உங்கள் டப்பாவில் ஒன்றும் விழவில்லை.

வருமானத்தையும் கேளுங்கள். செவ்வாய் என்றால் 60 டாலர், வெள்ளி என்றால் 90 டாலர், அநேகமாகத் தப்பாது. 2013-ல் டெட் (TED) சொற்பொழிவு மேடையில் அவரே சொன்ன கணக்கு. இந்த அரங்கில் இருக்கிற மென்பொருள்காரர்களைக் கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை இருக்கிற வேலை வெள்ளிக்கிழமையும் இருக்கும் என்று உங்களில் யாருக்கு அந்த உறுதி இருக்கிறது? ஏன் சத்தத்தையே காணோம்?

சரி, கம்பெனிக்கு வருவோம். 2000-ல் டிரம்ஸ் வாசிக்கும் பிரயன் விக்லியோனோடு சேர்ந்து டிரெஸ்டன் டால்ஸ் குழு. பிறகு ஒரு பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம். ஆல்பம் வெளிவந்த சில வாரங்களில் 25,000 பிரதி விற்றது. கம்பெனி அதைத் தோல்விக் கணக்கில் எழுதியது. 2008-ல் ஒரு வீடியோவில் அமண்டாவின் வயிறு தெரிகிற காட்சிகளை வெட்டச் சொன்னார்கள், குண்டாகத் தெரிகிறாராம். கேள்விப்பட்ட ரசிகர்கள் மனு கினு எழுதிக்கொண்டிருக்கவில்லை. அவரவர் வயிற்றைப் படம் எடுத்து வெளியிட்டார்கள்! கம்பெனி கத்தரிக்கோலை எடுத்தது, ரசிகன் சட்டையைத் தூக்கினான். வாழவைப்பது யார் என்று இதற்கு மேலும் ஒரு பட்டிமன்றம் வேண்டுமா?

2010-ல் கம்பெனியை விட்டு வெளியே வந்தார். 2012-ல் புது ஆல்பத்துக்காகக் கிக்ஸ்டார்ட்டர் என்ற, ஊராரிடம் பணம் திரட்டும் இணையதளத்தில் ஒரு லட்சம் டாலர் கேட்டார். வந்தது கிட்டத்தட்ட 12 லட்சம். கொடுத்தவர்கள் 24,883 பேர். நடுவர் அவர்களே, கம்பெனிக்குத் தோல்வியாகத் தெரிந்ததும் ஏறக்குறைய அதே 25,000 தான். அதே வருஷம் ஊரூராக வாத்தியக்காரர்களைச் சம்பளம் இல்லாமல், பீருக்கும் அரவணைப்புக்கும் வாசிக்கக் கூப்பிட்டாரே என்று அண்ணன் கேட்டார். அது தப்புதான். திட்டு வாங்கிய பிறகு பணம் கொடுத்தார். அடுத்தது.

அந்தப் புறநானூறு. அண்ணன் முதல் அடியோடு நிறுத்திவிட்டார், பாட்டு நிற்கவில்லை. கழைதின் யானையார் என்ற புலவர் வல்வில் ஓரி என்ற வள்ளலிடம் சொல்கிறார்: கொடு என்று கேட்பது இழிவு, கொடுக்கமாட்டேன் என்பது அதைவிட இழிவு. அதற்கு அடுத்து என்ன? "கொள்ளெனக் கொடுத்தல் உயர்ந்தன்று." கம்பெனிக் காலத்தில் ஒரு கச்சேரி முடிந்து அமண்டா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு ரசிகர் வந்து பத்து டாலர் நோட்டை நீட்டுகிறார். "மன்னியுங்கள், உங்கள் சிடியை நண்பரிடம் வாங்கிக் காப்பி அடித்துவிட்டேன். இந்தப் பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்." இவர் கேட்கவே இல்லை, அவர் கொள்ளென்று கொடுக்கிறார். இதில் எது அண்ணே பிச்சை?

மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது நடுவர் அவர்களே. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராகப் பாடப் போகும்போது அமண்டா ரசிகர்களின் வீட்டில் தங்குவார். மயாமியில் ஒரு ஹோண்டுராஸ் குடும்பம். குடியேற்றக் காகிதம் இல்லாதவர்கள், வசதி இல்லாதவர்கள். வந்தவர்களுக்குக் கட்டிலையெல்லாம் கொடுத்துவிட்டு வீட்டார் அத்தனை பேரும் சோபாவில் படுத்தார்கள். இவ்வளவு இல்லாதவர்களிடம் வாங்குவது நியாயமா என்று இவருக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் அந்த அம்மா டோர்டியா தட்டக் கற்றுக்கொடுத்தார். அப்புறம் தனியாகக் கூப்பிட்டுத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "உன் பாட்டு என் மகளுக்கு ரொம்ப உதவியது. இங்கே தங்கினதற்கு நன்றி."

தர்க்கமெல்லாம் எனக்கு இத்தோடு தீர்ந்துபோனது. அவையை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பெட்டியோடு இந்த ஊருக்கு வந்து இறங்கின புதிதில், அதுவரை முகம் தெரியாத ஒரு தமிழ்க் குடும்பத்தின் சோபாவில் படுத்து, அந்த வீட்டு அக்கா ஊற்றின ரசத்தைக் குடித்தவர்கள் மட்டும் கையைத் தூக்குங்கள். யாரும் பார்க்கமாட்டார்கள், தூக்குங்கள். அம்மா, நீங்களுமா? நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். அண்ணன் கையும் மேலேதான் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.