வாத்தியக்காரனுக்குப் பங்கு எங்கே?

விழாத் தலைவர் ஆயர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, பக்கத்துச் சேகரங்களிலிருந்து வெயிலையும் பாராமல் வந்திருக்கும் குருவானவர்களே, பந்தல்கால் நட்ட நாளிலிருந்து ஓடியாடி உழைக்கும் செயலர் அண்ணன் அவர்களே, சற்றுமுன் நம் நெஞ்சை நிறைத்த பாடகர் குழுப் பிள்ளைகளே, அனைவருக்கும் என் அன்பின் வணக்கம். சால்வை போர்த்திய மூத்த ஐயா அவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

எபிரெய வேதத்தில், அதாவது நம் பழைய ஏற்பாட்டில், இசை என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கருவிகள், இசைச் சொற்கள், இசைத்தவர்கள் என்று மூன்றையும் பேச ஆசை. ஆனால் அதற்கு முன் நான் எந்த மேடையிலும் சொல்லுகிற பழமொழி ஒன்று உண்டு. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்.

கருவிகளைப் பாருங்கள். செங்கடலைக் கடந்ததும் மோசேயின் அக்காள் மிரியாம் கையில் எடுத்தது தோஃப் என்ற கைப்பறை. ஆட்டுக்கடாக் கொம்பில் ஊதுவது ஷோஃபார். எண்ணாகமம் 10ஆம் அதிகாரத்தில் வருபவை வெள்ளியில் அடித்துச் செய்த இரண்டு பூரிகைகள். தாவீது மீட்டியது கின்னோர், மரச்சட்டத்தில் நரம்பு கட்டிய சிறு யாழ். கி.பி. 132இல் பார் கோக்பா தலைமையில் யூதர்கள் ரோமை எதிர்த்து எழுந்தபோது, புழக்கத்தில் இருந்த ரோம நாணயங்களின் மேலேயே மறுபடி அச்சடித்தார்கள். சிலவற்றில் பேரரசன் முகத்தின் மேல் யாழ் ஏறியது! எருசலேம் ஆலயம் ரோமர் கையில் இடிந்து அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த மக்கள் தங்கள் அடையாளமாகப் பதித்தவற்றுள் வாத்தியமும் ஒன்று.

அடுத்தது இசைச் சொற்கள். பாட்டின் நடுவே நிற்கும், பொருள் உறுதியாகத் தெரியாத ‘சேலா’ என்ற குறிப்புச் சொல், சங்கீதம் என்கிற துதிப்பாடல் புத்தகத்தில் மட்டும் 71 முறை வருகிறது. ‘இராகத்தலைவனுக்கு’ என்று 55 சங்கீதங்களுக்குத் தலைப்பு இருக்கிறது. இதற்கு நேரமிருந்தால் திரும்பி வருகிறேன். இப்போது ஒரு கதை.

இஸ்ரவேல் ராஜா, யூதா ராஜா, ஏதோம் ராஜா என்று மூன்று பேரும் மோவாபின்மேல் படையெடுத்துப் போகிறார்கள். ஏழு நாள் வனாந்தரத்தில் சுற்று வழி. சேனைக்கும் தண்ணீர் இல்லை, பின்னால் வருகிற மிருகங்களுக்கும் தண்ணீர் இல்லை. யூதா ராஜா யோசபாத், ‘இங்கே தீர்க்கதரிசி யாருமில்லையா?’ என்கிறான். எலியா தீர்க்கதரிசிக்குப் பணிவிடைக்காரனாக இருந்து அவர் கைகளுக்குத் தண்ணீர் வார்த்த எலிசா இருக்கிறான் என்கிறார்கள். மூன்று ராஜாக்களும் அவனைத் தேடிப் போகிறார்கள். எலிசாவுக்கோ கோபம். இஸ்ரவேல் ராஜாவைப் பார்த்து, ‘உன் தகப்பனுடைய தீர்க்கதரிசிகளிடம் போ, யோசபாத்தின் முகத்துக்காக இல்லையென்றால் உன்னை ஏறிட்டும் பாரேன்’ என்கிறான். சொல்லிவிட்டு என்ன கேட்டான்? வாளைக் கேட்கவில்லை, பலி ஆட்டைக் கேட்கவில்லை. வாத்தியக்காரன் ஒருவனை அழைத்து வாருங்கள் என்றான்! அவன் வாசித்தான், வாசித்தபோது கர்த்தருடைய கரம் எலிசாவின்மேல் இறங்கியது. பள்ளத்தாக்கு முழுக்க வாய்க்கால் வெட்டச் சொன்னான். மறுநாள் காலையில் ஏதோம் வழியாய்த் தண்ணீர் வந்து தேசம் நிரம்பியது.

மூன்று ராஜாக்களின் சேனையும் பிழைத்தது. அந்த வாத்தியக்காரன் பெயர் எழுதப்படவில்லை. அவனுக்கு யார் சோறு போட்டார்கள், யார் கூலி கொடுத்தார்கள்?

இந்தக் கேள்விக்கு, எருசலேமின் அதிபதியாக இருந்த நெகேமியாவின் புத்தகத்தில் பதில் இருக்கிறது. 11ஆம் அதிகாரத்தில், பாடகருக்கு அன்றாடப் படி கொடுக்க ராஜா கட்டளையிட்டிருந்தான். 13ஆம் அதிகாரத்துக்கு வந்தால் படி நின்றுவிட்டது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை வைக்கிற ஆலய அறையை, நெகேமியாவின் எதிரியான தொபியாவுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆலயப் பணி செய்யும் லேவியரும் பாடகரும் பிழைப்புக்காக அவரவர் வயலுக்கு ஓடிப்போனார்கள். நெகேமியா பாடகரைத் திட்டவில்லை. தலைவர்களோடு வழக்காடினான், ஆட்களைத் திரும்பச் சேர்த்து அவரவர் நிலையில் நிறுத்தினான். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம், ஐயா!

எங்கள் பக்கத்தில் ஒரு கோயிலில் பல ஆண்டு ஆர்கன் வாசித்தவர் இப்போது ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். பண்டிகைக்குப் பண்டிகை ஒரு வேட்டி கொடுத்தார்கள், மாதச் சம்பளம் கொடுக்கவில்லை. அவர் இடத்தில் இன்று கீபோர்டின் பட்டனை அமுக்கினால் தாளம் தானாக ஓடுகிறது. அவரிடம் படித்திருக்க வேண்டிய பிள்ளைகள் யாரிடமும் படிக்கவில்லை. தாவீதின் காலத்தில் பாட்டில் தேறியவர்கள் 288 பேர். பெரியவன், சிறியவன், ஆசான், மாணாக்கன் என்ற பேதமில்லாமல் சீட்டுப் போட்டு முறை வைத்தார்கள் என்று 1 நாளாகமம் 25 சொல்லுகிறது. கற்றுக்கொடுக்க ஆள் இருந்ததால்தானே அத்தனை பேர் தேறினார்கள்?

ஆயர் ஐயா மணியைப் பார்க்கிறார்கள்; இசைச் சொற்களை இன்னொரு நாள் பேசுவோம். சேகரக் கமிட்டியார் இங்கே இருக்கிறீர்கள். அடுத்த ஆண்டு வரவு செலவில் இசைப் பணியாளர் சம்பளம் என்று ஒரு தலைப்பைத் திறந்து தீர்மானம் போடுங்கள். கேட்டு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.