காந்தத்தைப் புரட்டும் ஒளி

நேயர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1909 ஜனவரியில், சூரியனில் கருமையாகத் தெரியும் சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான். அதற்கு முந்தைய ஆண்டு, அந்தப் புள்ளிகளில் வலுவான காந்தப்புலம் இருப்பதை அமெரிக்காவில் வானியலாளர் ஹேல் காட்டியிருந்தார். பதினைந்து கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் காந்தத்தை எப்படி அளந்தார்கள்? ஒளியை வைத்துத்தான். ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் காந்தப்புலத்தில் பிரியும் என்பதை 1896-இல் இயற்பியலாளர் சீமன் கண்டிருந்தார்.

காந்தத்தைப் பற்றி ஒளி நமக்குச் சொல்கிறது, சரி. அதே ஒளியால் காந்தத்தைத் திருப்பவும் முடியுமா? இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

1996-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மெல்லிய நிக்கல் படலத்தின்மேல் மிகக் குறுகிய லேசர் துடிப்பு ஒன்றைப் பாய்ச்சினார்கள். அதன் காந்தத்தன்மை யாரும் எதிர்பாராத வேகத்தில் சரிந்தது. 2007-இல் நெதர்லாந்தின் நைமேகன் குழு இன்னும் ஒரு படி போனது. கடோலினியம் என்ற அருமண் உலோகம், இரும்பு, கோபால்ட் கலந்த படலத்தில், திருகாகச் சுழன்று வரும் ஒளித் துடிப்பால் காந்தத் திசையையே புரட்டிவிட்டது. கம்பிச்சுருளும் இல்லை, வெளியிலிருந்து காந்தப்புலமும் இல்லை. ஃபெம்டோ வினாடி என்பது ஒரு வினாடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு; துடிப்பின் நீளம் 40 ஃபெம்டோ வினாடி. அந்த நேரத்துக்குள் ஒளியே 12 மைக்ரோமீட்டர்தான் நகரும். ஒரு தலைமுடியின் தடிமனைக்கூடத் தாண்டாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. அந்தக் கலவையில் இரும்பின் காந்தமும் கடோலினியத்தின் காந்தமும் எப்போதும் எதிரெதிர்த் திசையில் நிற்பவை. லேசர் பட்டதும் இரும்பின் காந்தம் சட்டென்று அழிகிறது. கடோலினியத்துக்குக் கூடுதல் நேரம் ஆகிறது. அந்த இடைவெளியில் இரும்பு மறுபக்கமாகத் தலைதூக்க, ஒரு கணம் இரண்டும் ஒரே திசையில் நிற்கின்றன! 2011-இல் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு இதை நேரடியாகவே பார்த்துவிட்டார்கள். பிறகு கடோலினியமும் புரண்டு, பழையபடி எதிரெதிராக, ஆனால் முழுதும் தலைகீழாக அமைகின்றன. ஒளி திருகாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை, திடீர் வெப்பமே போதும் என்று 2012-இல் தெரிந்தது. ஒழுங்கைக் கலைப்பது என்றே நாம் நினைத்திருந்த வெப்பம், ஒரு திசையைத் தீர்மானிக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஹார்டு டிஸ்க் தகவலைக் காந்தத் திசைகளாகத்தான் எழுதிவைக்கிறது. அதை ஒளியால் எழுதத் தடை, அளவில் இருக்கிறது. இந்தச் சோதனைகளில் பயன்படும் ஒளியின் அலைநீளம் சுமார் 800 நானோமீட்டர். வில்லை எவ்வளவு நல்லதானாலும் அதில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே ஒளியைக் குவிக்க முடியாது. ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிட் தகவல் பதியும் இடம் சில பத்து நானோமீட்டர்தான். அதனால் தங்கத்தில் நுண்ணிய ஆன்டெனாக்கள் செய்கிறார்கள். தங்கத்தின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடி, அதை மிகச் சிறிய இடத்துக்குள் ஒடுக்கிவிடும். இந்த உத்தியால் வட்டைச் சூடாக்கி எழுதும் ஹார்டு டிஸ்க்குகள் விற்பனைக்கே வந்துவிட்டன. ஆனால் அவற்றிலும் திசையை மாற்றுவது காந்தப்புலம்தான். ஒளி துணைக்கு மட்டுமே. ஒளி தனியாக எழுதும் வட்டு இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. அருமண் உலோகம் இல்லாமல் இதே வேலையைச் செய்யும் பொருள்களையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கொடைக்கானல் இருக்கும் பழனி மலையிலிருந்து இயற்பியல் படிக்கப் போகும் பிள்ளைகள் இந்தத் தேடலில் சேர வேண்டும் என்பது என் ஆசை.

நன்றி, வணக்கம்.