படிப்பது நின்ற பிறகும் வாங்கியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பாம்பன்காரன். எங்கள் அப்பா பத்திரிகை முகவராக இருந்தார். அவருக்குப் பிறகு கடையை நான் பார்த்துக்கொண்டேன். "இத்தனை வருஷம் புத்தகம் விற்றிருக்கிறீர்கள், காமிக்ஸ் ரசிகர்களைப் பற்றிப் பேசுங்களேன்" என்று நிலையத்தார் கேட்டார்கள். ரசிகர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எப்படி விலகிப் போனார்கள் என்பதைக் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அதைச் சொல்கிறேன்.

1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறந்தார்கள். அதுவரை வெளியிலிருந்து எங்கள் தீவுக்குள் பஸ் வராது, லாரி வராது. அரிசி மூட்டையோ சினிமாப் பெட்டியோ, ரயிலேறிப் பாம்பன் பாலத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். பத்திரிகைக் கட்டும் அப்படித்தான் வந்தது. காற்று பலமாக இருந்தால் ரயிலை மண்டபத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குச் செய்தித்தாள் வரவில்லையே என்று கவலைப்பட்ட பெரியவர்கள் கொஞ்சம் பேர். காமிக்ஸ் வரவில்லையே என்று ஸ்டேஷன் வாசலில் குந்தியிருந்த பையன்கள் அவர்களைவிட அதிகம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். முகவர் மகன் என்பதால் கட்டை அவிழ்க்கும் உரிமை எனக்கு.

சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்தவர் இரும்புக்கை மாயாவி. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. அதற்கெல்லாம் முன்பே, 1964 மார்ச்சில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸில், உடம்போடு ஒட்டிய உடையும் முகமூடியும் மண்டையோட்டு மோதிரமுமாக ஒருவர் குதிரை ஏறி வந்தார். வேதாளர். பின்னாளில் ராணி காமிக்ஸில் அவரே முகமூடி வீரர் மாயாவி ஆனார். எங்கள் கடற்கரைப் பையன்களுக்கு அவர்மேல் தனிப் பிரியம். காரணம் அவர் கதை தொடங்கும் இடம். 1536ஆம் ஆண்டு, கடற்கொள்ளையர்கள் ஒரு கப்பலைத் தாக்குகிறார்கள். தகப்பன் கண்ணெதிரில் கொல்லப்படுகிறான். மகன் மட்டும் அலையில் அடித்துவரப்பட்டு ஒரு கரையில் ஒதுங்குகிறான். அந்தக் கரைதான் அவன் ஊராகிறது. கடல் ஒருவனைக் கரையில் கொண்டுவந்து போடுவதை நாங்கள் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வாடை கிளம்பி வடகடல் அடிக்கும் நாட்களில் படகுகள் கரையில் கிடக்கும். அப்போதுதான் எங்களுக்கு விற்பனை. ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் படிப்பார்கள். வலையைச் சரிபார்த்துக்கொண்டே ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். மாயாவி அந்தக் குகைக்குள் போயிருக்கக் கூடாது, போனதுதான் சரி என்று பொழுது சாயும்வரை வழக்கு நடக்கும். இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரசிகன் விலகும்போது முதலில் போவது இதுதான். ஒரு கதையைப் பற்றிப் பேசுவதை நிறுத்துவான். பிறகு படிப்பதை நிறுத்துவான். வாங்குவதைக் கடைசியில்தான் நிறுத்துவான். பணம் கொடுத்துப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, அட்டையைக்கூடப் பார்க்காமல் பைக்குள் வைக்கிறானே, அவன் ஏற்கெனவே போய்விட்டான். பழக்கம் மட்டும் கடைக்கு வந்துபோகிறது.

இப்படி நான் பார்த்தவர்களில் ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். கீழக்கரைக்காரர். நாங்கள் அவரைக் காக்கா என்போம். அந்தப் பக்கம் காக்கா என்றால் அண்ணன். கருவாட்டு வியாபாரத்துக்கு வாரம் ஒருமுறை பாம்பன் வருவார். அவர் மச்சான் சிங்கப்பூரில் இருந்தார். அங்கிருந்து ஆள் வரும்போதெல்லாம் கோடாலித் தைலம், பிஸ்கட் டின்னோடு ஆங்கிலக் காமிக்ஸும் ஒரு கட்டு வரும். எல்லாம் ஸ்பைடர்மேன். (லயன் காமிக்ஸில் வந்தாரே ஸ்பைடர், குற்றச் சக்கரவர்த்தி, அவர் வேறு, பிரிட்டனில் பிறந்தவர். அவருக்குப் பெரும்பாலான கதைகளை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்.)

ஸ்பைடர்மேன் முதலில் தோன்றியது 1962இல். 1963இல் அவர் பெயரிலேயே தனிப் புத்தகம் தொடங்கியது. விலை 12 சென்ட். காக்கா கையிலிருந்த பழைய கதைகளில் அவருக்கு உயிர் 1973இல் வந்த ஒன்று. ஸ்பைடர்மேன் முகமூடிக்குள் இருப்பவன் பீட்டர் பார்க்கர். அவன் காதலி குவென் ஸ்டேசியை வில்லன் ஒரு பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். பீட்டர் வலையை வீசுகிறான். வலை அவள் காலைப் பிடித்துவிடுகிறது. காப்பாற்றிவிட்டோம் என்று மேலே இழுக்கிறான். அவள் உயிரோடு இல்லை. நாயகன் வீசிய வலை சரியாகப் போய்ப் பிடித்தும் ஆள் பிழைக்கவில்லை. அன்று அமெரிக்காவில் ரசிகர்கள் கொதித்துப்போய்க் கடிதம் எழுதினார்கள். ஆனாலும் படித்தார்கள். இன்றுவரை அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காக்கா அந்தக் கதையை எனக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னது எங்கள் கடை வாசலில்; கொஞ்ச தூரத்தில் பாம்பன் பாலம்.

1987இல் பீட்டர் பார்க்கருக்கும் மேரி ஜேனுக்கும் கல்யாணம். அதே வருஷம் காக்காவுக்கும் நிக்காஹ். இது தற்செயல்தான். ஆனால் ரசிகனுக்குத் தற்செயல் என்று ஒன்று கிடையாது.

பிறகு 1990கள். 1994இல் ஒரு நகல் மனிதன் கதையை ஆரம்பித்தார்கள். இத்தனை வருஷம் நீங்கள் படித்த பீட்டர் உண்மையான பீட்டரா, அல்லது அவன் நகலா என்பது கேள்வி. இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தார்கள். மாதம் நான்கு தலைப்புகளில் புத்தகம் வரும். ஒரே கதை நான்கிலும் மாறி மாறி ஓடும். சிங்கப்பூர் மச்சானுக்கு கிடைத்தது இரண்டோ மூன்றோ. நடுவில் விட்டுப்போன பக்கங்களைக் காக்கா தானே யோசித்து நிரப்பிக்கொள்வார். அதுகூடப் பெரிய குறை இல்லை. ரயில் வராத நாட்களில் வளர்ந்த நாங்கள் விட்டுப்போன இதழோடு வாழப் பழகியவர்கள்.

1995இல் 400ஆவது இதழ். பீட்டரை வளர்த்த மே அத்தை படுக்கையில் இறக்கிறார். காக்காவின் உம்மா மௌத்தானது அதற்கு முந்தைய வருஷம். அந்த இதழைக் கையில் வைத்துக்கொண்டு என் கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். நான் டீ வாங்கி வைத்தேன், ஆறிப்போயிற்று. மூன்று வருஷம் கழித்து, 1998இல், ஒரு இதழைக் கொண்டுவந்தார். மே அத்தை சாகவில்லையாம். செத்தது அவரைப் போல வேஷம் போட்டு வில்லன் அனுப்பிய நடிகையாம். "அப்ப நான் அழுதது யாருக்குத் தம்பி?" என்றார். அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

அதே காலத்தில் சூப்பர்மேனும் செத்தார். 1992 நவம்பரில், 75ஆவது இதழ். கறுப்பு உறையில் போட்டு, உள்ளே துக்கத்துக்குக் கையில் கட்டிக்கொள்ளும் பட்டையும் வைத்து விற்றார்கள். உலகம் முழுக்கச் செய்தி. அடுத்த வருஷமே திரும்பி வந்துவிட்டார். எங்கள் அப்பாவுக்குக் காமிக்ஸ் பிடிக்கும், தப்பாகச் சொல்லக் கூடாது. அவர் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் அவருடைய அக்கா வீட்டில் ஒருத்தர்கூட மிஞ்சவில்லை. பாம்பனிலிருந்து போன ரயிலையே அலை கொண்டுபோன ராத்திரி அது. இன்றைக்கும் போனால் மாதா கோயில் சுவர் நிற்கிறது, ஸ்டேஷன் கல் கிடக்கிறது, ஆட்கள் இல்லை. சூப்பர்மேன் திரும்பி வந்த செய்தியை நான் படித்துக் காட்டியபோது அப்பா கேட்டது ஒன்றுதான்: "வந்தவன் பழைய ஆளா, புது ஆளா?" பழைய ஆள்தான் என்றேன். அதற்குப் பிறகு சூப்பர்மேன் பற்றி அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

காக்காவுக்குக் கடைசி அடி 2007இல். மே அத்தை சுடப்பட்டுக் கிடக்கிறார். அவரைப் பிழைக்க வைக்க ஒரு சாத்தானோடு பீட்டரும் மேரி ஜேனும் ஒப்பந்தம் போடுகிறார்கள். விலை அவர்களுடைய கல்யாணம். மணமுறிவு என்றாலும் ஒரு கணக்கு. இது அப்படியில்லை. அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. யாருக்கும் நினைவில்லை, அவர்களுக்கே நினைவில்லை. கல்யாணமான நாயகன் வயதானவனாகத் தெரிகிறான், இளம் வாசகர்கள் ஒட்டமாட்டார்கள் என்பது அன்றைய ஆசிரியரின் எண்ணம். அவர் கவலையும் எனக்குப் புரிகிறது. சினிமாவும் பொம்மையும் சட்டையும் அந்த முகத்தை நம்பி விற்கும்போது அந்த முகத்துக்கு வயதாகக் கூடாது. ஆனால் காக்கா சொன்னார், "இருவது வருசம் தம்பி. அவனும் நானும் ஒரே வருசம்." அவ்வளவுதான்.

பிறகும் இரண்டு வருஷம் வாங்கினார். ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனபோது அலமாரியைத் திறந்து காட்டினார். பழையவை எல்லாம் மூலை மடிந்து, தைல வாசனையோடு இருந்தன. கடைசியாக வந்தவை பிளாஸ்டிக் உறை பிரியாமல் அடுக்கியிருந்தன. 2009இல் மச்சானுக்கு போன் செய்து போதும் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பின் பதிப்பகத்தார் எண்களை மறுபடி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள்: 2014, 2015, 2018, 2022. வரிசை எண் பார்த்துச் சேர்ப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று, விட்டுப்போன ஒரு முத்து காமிக்ஸுக்காக ஊர் ஊராக அலைந்தவர்களுக்குத் தெரியும்.

வயதானால் விட்டுவிடுவார்கள், அது இயல்புதானே என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒப்பவில்லை. அதே காக்கா, அதே வயதில், பழைய வேதாளர் கதையை மறுபடி மறுபடி படிக்கிறார். ஏன்? லீ ஃபாக் 1936இல் தொடங்கி 1999இல் தாம் இறக்கும்வரை அந்தக் கதையை எழுதினார். 63 வருஷம். அதில் நடந்தது நடந்ததுதான். இறவா மனிதன் என்று காடு முழுக்க நம்புகிறது. வாசகனுக்கு மட்டும் தெரியும், தகப்பன் செத்தான், மகன் முகமூடியை எடுத்துக்கொண்டான், இவர் 21ஆவது ஆள் என்று. குகைக்குள் முன்னோர்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. 1977இல் டயானாவைக் கல்யாணம் செய்தார். இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள். யாரும் வந்து அதை அழிக்கவில்லை. தகப்பன் பிடித்த சுக்கானை மகன் பிடிக்கும் ஊரில் இந்தக் கணக்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எல்லாக் கதையும் நல்ல கதை என்று சொல்லவில்லை. அலுப்பான கதைகளும் வந்தன, விற்கும்போதே எனக்குத் தெரியும். ஆனால் அலுத்த வாசகன் அடுத்த மாதம் திரும்பி வருவான். ஏமாந்த வாசகன் வரமாட்டான். இந்த இரண்டு பேரையும் நான் கல்லாவிலிருந்து பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

2024 ஜனவரியில் ஸ்பைடர்மேனுக்கு ஒரு புதுத் தொடர் வந்தது. வேறொரு உலகத்தில் நடப்பதாகக் கதை. அதில் பீட்டர் பார்க்கருக்கு முப்பது வயது தாண்டியிருக்கிறது, தாடி வைத்திருக்கிறார். மேரி ஜேன் மனைவி. இரண்டு பிள்ளைகள். முதல் இதழைப் பலமுறை மறு அச்சு போட வேண்டி வந்தது. காக்காவின் பேரன் சென்னையில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது அந்தத் தொடரின் முதல் தொகுப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல் அவர் கட்டிலில் வைத்துவிட்டான்.

மறுநாள் காக்கா எனக்குப் போன் செய்தார். கல்யாணம் பற்றிப் பேசினார், அந்தப் பெண்பிள்ளை தகப்பனின் உடைக்கு நிறம் சொல்வதைப் பேசினார். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அவர் ஸ்பைடர்மேன் பற்றி மூச்சு விடாமல் பேசியதைக் கேட்டேன். திடீரென்று நிறுத்தினார்.

"இதையும் அழிச்சுப்புடுவாஹளா தம்பி?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. பிறகு, இரண்டாவது புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.