பள்ளத்தோரத்து வீடுகள்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் நான் வளர்ந்த வீட்டுச் சுவரைப் பார்த்தே, அப்பாவுக்கு எந்த வருசம் கையில் காசு இருந்தது என்று சொல்லிவிடலாம். மழைத்தண்ணீர் ஓடும் பள்ளத்தோரம் ஓலைச் சாளையாக, அதாவது குடிசையாக, தொடங்கிய வீடு அது. தாராபுரம் பக்கத்து மானாவாரிக் காட்டை விட்டு வந்த அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை, சனிக்கிழமை சம்பளம். மளிகைக்குப் போக மிச்சமிருந்தால் ஹாலோ பிளாக் கல் பத்தோ பதினைந்தோ தள்ளுவண்டியில் வந்து இறங்கும். கொத்தனாரான மாமா ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு வரிசை வைப்பார். பிறகு இரண்டு மாதம் ஒன்றும் நடக்காது. கீழ்வரிசைக் கல்லில் பாசி பிடித்திருக்கும், மேல்வரிசை புத்தம் புதிதாக இருக்கும். நாலு சுவர் எழும்பி சிமெண்ட் சீட் போட மூன்று வருசம் ஆனது.

இன்று வீடுகளுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். அதனால்தான் கூலிக்காரர் வீடு கட்டிக்கொள்ள இடம் கிடைப்பதைப் பற்றிப் பேச வந்தேன்.

1961 கணக்கெடுப்பில் திருப்பூரின் மக்கள்தொகை 80 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. 2011-ல் வேலம்பாளையம், நல்லூர் எல்லாம் சேர்ந்த மாநகராட்சியில் 8 லட்சத்து 77 ஆயிரம் பேர். பனியன் கம்பெனிகள் ஆளைக் கூப்பிட்டன, ஜனங்கள் வந்தார்கள். சரி, வந்தவர்கள் எங்கே தங்குவது? வரிசையாக அறைகளும் பொதுக் கக்கூஸும் உள்ள லைன் வீடுகள் இருந்தன. அட்வான்ஸும் வாடகையும் கட்டி மாளாதவர்கள் புறம்போக்கில் சாளை போட்டார்கள். கூலிக்காரர் வாங்கும் விலையில் ஒன்றரை சென்ட் மனையை யாரும் பிரித்துப் போடவில்லை. பிறகு ஆக்கிரமிப்பாளர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாசி பிடித்த கல்தான் நினைவுக்கு வரும்.

பள்ளத்தில் குடியிருப்பது ஆபத்து, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2011 நவம்பரில் ஜம்மனைப் பள்ளத்தில் வந்த வெள்ளம் கரையோர வீடுகளை அடித்துக்கொண்டு போனது. நீர் போகும் வழியில் இருப்பவர்கள் இடம் மாறத்தான் வேண்டும். ஆனால் எங்கே? கோவையில் குளக்கரைகளில் இருந்த குடும்பங்களுக்குக் கீரணத்தம், வெள்ளலூர், மலுமிச்சம்பட்டியில் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். ஒழுகாத கூரை பெரிய விசயம், மறுக்கவில்லை. ஆனால் விடியுமுன் உக்கடம் மார்க்கெட்டில் மூட்டை இறக்க வேண்டியவர் அவ்வளவு தூரத்தில் இருக்கும் கீரணத்தத்திலிருந்து எப்படி வருவார்? மகனுக்குக் கல்யாணமானால் பக்கத்தில் ஓர் அறை இழுத்துக்கொள்ளவும் அந்த வீட்டில் வழியில்லை.

வேலைக்குப் பக்கத்திலேயே சிறு மனைகளைப் பிரித்து, ரோடு, சாக்கடை, தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். சுவரை அவர்களே எழுப்பிக்கொள்வார்கள். இது புது யோசனையும் இல்லை. 1977-ல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் இப்படித்தான் மனை கொடுத்தார்கள். இன்று அவை முழு ஊர்களாக நிற்கின்றன.

அப்புறம், பட்டா. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் சொந்த மனையில் தானே கட்டுகிறவருக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 2 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் கொடுத்து வந்தன. பட்டா இல்லாவிட்டால் அந்த வாசல் திறக்காது. நீர்வழியில் இல்லாத புறம்போக்கில் பல வருசமாக வீட்டு வரி கட்டிக் குடியிருப்பவருக்குப் பட்டா கொடுக்க இன்னும் ஏன் தயக்கம்?

போன மாதம் டெய்லர் வேலை பார்க்கும் ஓர் அக்கா என்னிடம் வந்தார். இருபது வருசம் அலைந்து வாங்கிய பட்டாவைப் பாலித்தீன் கவரில் சுற்றி வைத்திருந்தார். ஓர் அறையும் சமையலறையும் போதும் என்றார். கிளம்பும்போது, "பையன் பெருசானா மேல ஒரு ரூம் எடுக்கோணும், கம்பி விட்டு வெச்சுக் குடுங்க அம்மிணி" என்றார். நாலு மூலையிலும் மூன்றடிக் கம்பி விடச் சொல்லிக் குறித்துக் கொடுத்தேன். துரு ஏறாமல் சிமெண்ட் பால் பூசி வைக்கவும் சொல்லியிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.