பதிவு நீளமாகிவிட்டால் ஏ.பி.ஐ என்ன பதில் சொல்ல வேண்டும்?

[திரையில்: கைப்பேசி. நீளமான தமிழ்ப் பதிவு ஒன்று. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.]

வணக்கம் நண்பர்களே. மழைக்காலத்தில் நீலகிரியின் சாலை நிலவரத்தை ஊர்க்காரர்களே பதிவிடுவதற்கு ஒரு சின்னச் செயலி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மஞ்சூரில் ஒருவர் உட்கார்ந்து, எங்கே மரம் விழுந்திருக்கிறது, ஜேசிபி வந்ததா இல்லையா, பேருந்து எந்த இடத்தோடு திரும்பிப் போகிறது, குந்தா பக்கம் போகிறவர்கள் என்ன செய்யலாம் என்று பொறுமையாக இருபது வரி தட்டுகிறார். அனுப்புகிறார். பதில் வருகிறது: 'ஏதோ தவறு நடந்துவிட்டது. மீண்டும் முயலவும்.' மீண்டும் முயல்கிறார். அதே பதில். சிக்னல்தான் போய்விட்டது என்று நினைத்து வீட்டுக்கு வெளியே வந்து, மேட்டின் மேல் ஏறி நின்று, திரும்பவும் அனுப்புகிறார்.

சிக்னலில் எந்தக் கோளாறும் இல்லை. பதிவு நீளம், அவ்வளவுதான். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. செயலி அனுப்புவதைச் சர்வர் பக்கத்தில் வாங்கிப் பதில் சொல்லும் வாயில்தான் ஏ.பி.ஐ, சொல்ல வேண்டியது அதன் பொறுப்பு. அதை எப்படிச் சொல்வது என்பதுதான் இந்த வீடியோ.

[திரையில்: 400, 413, 414, 422 என்ற நான்கு எண்கள்]

செயலியும் சர்வரும் பேசிக்கொள்ளும் இணைய விதிமுறை எச்.டி.டி.பி. அதில் ஒவ்வொரு பதிலோடும் ஒரு நிலை எண் வரும், இதற்கென்றும் சில எண்கள் இருக்கின்றன. 414 என்றால் முகவரியே நீளம். பதிவின் உரையை முகவரிக்குள் திணித்து அனுப்பினால் இது வரும், அப்படி அனுப்பாதீர்கள், விஷயம் முடிந்தது. குழப்பம் எல்லாம் 413-க்கும் 422-க்கும் நடுவில்தான்.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும் முன் இருக்கும் சோதனைச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு விதமாக நிறுத்துவார்கள். வண்டி பெரிது, இந்தச் சாலையில் இப்போது விட முடியாது என்று வெளியிலிருந்து பார்த்தே திருப்பி அனுப்புவது ஒன்று. வண்டியை விட்டு, பையைத் திறந்து, உள்ளே தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்து நிறுத்துவது இன்னொன்று. 413 முதல் வகை: வந்த பொட்டலத்தின் மொத்த அளவு பெரிது, உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பிரித்தே பார்க்கவில்லை. 422 இரண்டாவது வகை: பிரித்துப் படித்தேன், வடிவம் சரி, ஆனால் 'உரை' என்ற புலத்தில் நாம் வைத்த வரம்பான 500 எழுத்துக்கு மேல் இருக்கிறது. பலர் இந்த இரண்டாவது வகைக்கு, 'கோரிக்கை சரியில்லை' என்ற பொது எண்ணான 400 கொடுக்கிறார்கள், அதுவும் தவறில்லை. எதைக் கொடுத்தாலும் எல்லா இடத்திலும் ஒன்றையே கொடுத்தால் சரி.

413-க்குப் பெயர் இரண்டு முறை மாறியிருக்கிறது. 2022-இல் வந்த இணைய விதிமுறை ஆவணமான ஆர்.எஃப்.சி 9110-இல் அது 'கன்டென்ட் டூ லார்ஜ்'. பழைய நூலகங்களில் 'பேலோட் டூ லார்ஜ்' என்றும், அதற்கும் முன்னால் 'ரிக்வெஸ்ட் என்டிட்டி டூ லார்ஜ்' என்றும் பார்ப்பீர்கள், எல்லாம் ஒன்றுதான். அதனால் செயலியில் பெயரை வைத்து ஒப்பிடாமல் எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

[திரையில்: செயலி, என்ஜின்எக்ஸ், நிரல், தரவுத்தளம் என்று வரிசையாக நான்கு பெட்டிகள்]

இப்போது இந்த வரிசையைப் பாருங்கள். நீளத்தைப் பார்த்துத் தடுக்கும் இடம் ஒன்று இல்லை, குறைந்தது மூன்று இருக்கின்றன, மூன்றும் மூன்று விதமாகப் பேசும். வாசலில் நின்று கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் மென்பொருளான என்ஜின்எக்ஸ், நீங்கள் எதையும் மாற்றாவிட்டால், 1 எம்.பி-க்கு மேல் வந்த எதையும் 413 சொல்லித் திருப்பிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் சர்வர் எழுத உதவும் நோட் எக்ஸ்பிரஸில் எழுதியிருந்தால், ஜேசன் என்ற வடிவத்தில் வரும் தரவைப் பிரித்துப் படிக்கும் அதன் பிரிப்பான் 100 கே.பி-யிலேயே நிறுத்திவிடும். இவை இரண்டையும் தாண்டித்தான் உங்கள் சொந்த நிரலின் 500 எழுத்து விதி வருகிறது, அதற்கும் பின்னால் தரவுத்தளம்.

மண்சரிவுப் படத்தையும் ஜேசனுக்குள்ளேயே வைத்து ஒருவர் அனுப்புகிறார் என்று வையுங்கள். படம் 3 எம்.பி. என்ஜின்எக்ஸ் 413 சொல்கிறது, சரியாகத்தான் சொல்கிறது, ஆனால் அந்தப் பதில் எச்.டி.எம்.எல் பக்கமாக வருகிறது. செயலியோ ஜேசன் வரும் என்று காத்திருக்கிறது. வந்ததைப் பிரிக்கப் போய், முதல் எழுத்தாகக் கோணக்குறியைப் பார்த்ததுமே உடைகிறது. 413 என்ற உண்மையான காரணம் அங்கேயே தொலைந்து, பயனருக்கு 'ஏதோ தவறு' என்பது மட்டும் மிஞ்சுகிறது. இதற்கு மருந்து இரண்டு: என்ஜின்எக்ஸின் 413 பக்கத்தையும் ஜேசனாக மாற்றி வையுங்கள், செயலி பதிலைப் பிரிக்கும் முன் நிலை எண்ணைப் பார்க்கட்டும்.

கடைசி இடமான தரவுத்தளம் இன்னும் மோசம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் வார்கேர் 500, அதாவது 500 எழுத்து வரைதான், என்று வைத்திருந்தால், அதைவிட நீளமானது வந்தால் பிழை எறியும். அதை நிரலில் யாரும் பிடிக்காவிட்டால் 500 என்ற நிலை எண்ணாக வெளியே போகும். 500 என்றால் 'தவறு என்னுடையது' என்று சர்வர் ஒப்புக்கொள்வது. பயனர் சுருக்கினால் போதும் என்ற விஷயத்தை இப்படிச் சொன்னால், அவர் எதையும் மாற்றாமல் பத்து நிமிடம் கழித்துத் திரும்பவும் அதையேதான் அனுப்புவார்.

மைசீக்குவெல் என்ற தரவுத்தளத்தில் இன்னொரு ஆபத்து. 5.7 பதிப்பிலிருந்து கண்டிப்பு முறை இயல்பாகவே இருக்கிறது, நீளமானால் பிழை வரும். யாராவது அதை அணைத்து வைத்திருந்தால், பிழையே வராது. இடம் இருக்கும் வரை சேமித்து, மீதியை வெட்டிவிட்டு, ஓர் எச்சரிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளும். பயனருக்கு 'பதிவாகிவிட்டது' என்று பச்சை நிறத்தில் காட்டும்.

[திரையில்: 'குன்னூருக்குப் பர்லியார் வழியாகப் போகலாம் என்று சொல்வது தவறு' என்ற வரி. பின்பாதி மெல்ல மறைந்து, 'குன்னூருக்குப் பர்லியார் வழியாகப் போகலாம்' என்பது மட்டும் நிற்கிறது.]

இந்த வரியைக் கவனியுங்கள். தமிழில் வினை கடைசியில் வருகிறது, 'இல்லை'யும் 'கூடாது'ம் 'தவறு'ம் கடைசியில்தான் வருகின்றன. வாலை வெட்டினால் சேதி அப்படியே தலைகீழாகிறது. மலைப்பாதை பற்றிய செய்தியில் இது நடந்தால் அதை நம்பி ஒருவர் வண்டியை எடுப்பார். அதனால் நான் இதில் சமரசத்துக்கு இடமே கொடுக்க மாட்டேன்: சொல்லாமல் வெட்டுவதைவிட மறுத்துவிடுவது நூறு மடங்கு மேல்.

சரி, மறுப்பது என்று முடிவாகிவிட்டது. எப்படி மறுப்பது? பெரிய தளங்களே ஆளுக்கொரு விதமாகச் செய்கின்றன. மாஸ்டடான் இயல்பாக 500 எழுத்து, மீறினால் 422, வரம்பு எவ்வளவு என்பதையும் செய்தியிலேயே சொல்லிவிடும். டிஸ்கார்டில் 2,000, 400 தந்து, உள்ளே 50035 என்ற தன் சொந்தப் பிழை எண்ணையும், எந்தப் புலத்தில் சிக்கல் என்பதையும் தரும். டெலிகிராமில் பாட் (bot) எனப்படும் தானியங்கிக் கணக்கு அனுப்பும் செய்திக்கு 4,096; மீறினால் 400-உடன் 'செய்தி நீளம்' என்று ஒரு வரி. எக்ஸ் தளம் ட்விட்டராக இருந்த காலத்து ஏ.பி.ஐ, நீளமான ட்வீட்டுக்கு 186 என்ற உள் எண்ணோடு 403 அனுப்பியது. 403 என்றால் அனுமதி இல்லை என்று பொருள், அதைப் பார்த்தவர் தன் கடவுச்சாவியில்தான் கோளாறு என்று தேடப் போவார். ஸ்லாக்கில் நிலை எண் 200-ஆகவே வரும், உள்ளே பிரித்துப் பார்த்தால்தான் 'சரியில்லை' என்று தெரியும். இவற்றில் எனக்குப் பிடித்தது டிஸ்கார்டின் வழி, எந்தப் புலம் என்று சொல்கிறது அல்லவா, அதற்காக.

பிழைச் செய்திக்கு ஒரு பொது வடிவமும் உண்டு. 2016-இல் ஆர்.எஃப்.சி 7807 என்று வந்தது, 2023-இல் 9457 அதன் இடத்தைப் பிடித்தது. வகை, தலைப்பு, நிலை, விவரம், நிகழ்வு என்று ஐந்து புலங்கள், அதற்கு மேல் நமக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். நம் செயலிக்கு நான் இப்படி வைப்பேன்:

[திரையில்:
நிலை: 422
தலைப்பு: பதிவு நீளமாக இருக்கிறது
விவரம்: 500 எழுத்து வரை எழுதலாம். உங்கள் பதிவில் 538 இருக்கிறது.
புலம்: உரை
வரம்பு: 500
வந்தது: 538
எண்ணும் முறை: பார்க்கும் எழுத்து]

'வந்தது 538' என்ற ஒரு வரி இருந்தால், 38 எழுத்தைக் குறைத்தால் போதும் என்று அவருக்கே தெரிந்துவிடும். அந்தக் கடைசி வரியான எண்ணும் முறைதான் தமிழில் எழுதுகிறவர்களைப் படுத்தும் இடம், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

[திரையில்: 'கோத்தகிரி' என்ற பெயர், கோ, த், த, கி, ரி என்று பிரிகிறது]

கோத்தகிரி. கண்ணால் பார்த்து நாம் எண்ணினால் ஐந்து எழுத்து, 'பார்க்கும் எழுத்து' என்றது இதைத்தான். யூனிகோடில் க, ஓகாரக் குறி, த, புள்ளி, த, க, இகரக் குறி, ர, இகரக் குறி என்று ஒன்பது குறியீடுகள். யூ.டி.எஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட், ஆக 27. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் நீளம் கேட்டால் 9 என்று சொல்லும், கோ (Go) என்ற நிரல் மொழியில் சரத்தின் நீளம் கேட்டால் 27 என்று சொல்லும். கைப்பேசிச் செயலி ஒரு கணக்கிலும் சர்வர் இன்னொரு கணக்கிலும் எண்ணினால், திரையில் 'இன்னும் 120 எழுத்து மிச்சம்' என்று காட்டிக்கொண்டே சர்வர் மறுக்கும்.

ப்ளூஸ்கை என்ற சமூக வலைத்தளம் இதைத் தெளிவாகச் செய்திருக்கிறது: பார்க்கும் எழுத்துக் கணக்கில் 300, கூடவே 3,000 பைட் என்று ஒரு மேல் வரம்பு. முதலாவது மனிதருக்கு, இரண்டாவது சேமிப்புக்கு. இரண்டும் தேவை, ஏனென்றால் ஓர் எழுத்தின் மேல் நூற்றுக்கணக்கான குறிகளை அடுக்கி வைத்து விளையாடுகிறவர்களும் இருக்கிறார்கள். இதே எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பப் போகிறீர்கள் என்றால் அங்கே கணக்கு வேறு: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160, தமிழில் 70 குறியீடு, அதைத் தாண்டினால் 67 குறியீடாகத் துண்டு போடும், துண்டு ஒவ்வொன்றுக்கும் காசு.

அப்புறம், மலையில் இருப்பவர்களுக்கு முக்கியமான ஒன்று. இங்கே சிக்னல் வருவதும் போவதுமாக இருப்பதால், நல்ல செயலிகள் பதிவை வரிசையில் வைத்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் தாமே திரும்ப அனுப்பும். நல்ல விஷயம். ஆனால் 413-ஐயும் 422-ஐயும் இணைப்புக் கோளாறாக நினைத்துத் திரும்பத் திரும்ப அனுப்பினால், அதே 3 எம்.பி. படம் ராத்திரி முழுக்க மேலே போய்க் கொண்டே இருக்கும், டேட்டாவும் பேட்டரியும் காலி. விதி எளிது: 429 (அடிக்கடி கேட்கிறாய்), 503 (சர்வர் இப்போது தயாராக இல்லை) என்றால் கொஞ்சம் பொறுத்து அனுப்பு, 413 வந்தால், 'இவ்வளவு நேரம் கழித்து முயலலாம்' என்று சர்வரே சொல்லியிருந்தால் தவிர, அனுப்பாதே, 422 வந்தால் உரை மாறும் வரை அனுப்பவே அனுப்பாதே. எது வந்தாலும் எழுதியதை அழிக்காதே, வரைவாக வைத்திரு.

மொத்தத்தையும் மேலே ஏற்றிய பிறகு 'பெரிது' என்று கேட்பதும் வீண்தான். கோரிக்கையின் முன்னால் வரும் கன்டென்ட்-லெங்த் என்ற குறிப்பிலேயே அளவு இருக்கிறது, சர்வர் அதைப் பார்த்து முதலிலேயே மறுக்கலாம். 'எக்ஸ்பெக்ட்: 100-கன்டினியூ' என்று கேட்டுவிட்டு, பதில் வந்தபின் உள்ளடக்கத்தை அனுப்பும் ஏற்பாடும் எச்.டி.டி.பி-யில் உண்டு, ஆனால் உலாவிகளில் இதை நம்பி இருக்க முடியாது. அதனால் வரம்பைச் சொல்ல ஏ.பி.ஐ-யில் ஒரு சின்ன முகவரி வையுங்கள், செயலி திறந்ததும் அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, தட்டும்போதே எண்ணிக்கையைக் காட்டட்டும். மாஸ்டடான் தன் வரம்பை இப்படித்தான் வெளியே சொல்கிறது. சர்வரிலும் சோதனை அப்படியே இருக்க வேண்டும், செயலியை மட்டும் நம்பக் கூடாது.

[திரையில்: சோதனைக்கான நான்கு வரிகள் ஒவ்வொன்றாக வருகின்றன]

சோதித்துப் பார்க்கும்போது ஆங்கிலத்தில் 'aaa' மாதிரி ஒரே எழுத்தை நிரப்பிப் பார்த்துவிட்டு முடித்துவிடாதீர்கள். சரியாக 500 எழுத்துள்ள தமிழ்ப் பதிவு ஒன்று. அது போக வேண்டும். 501 உள்ளது ஒன்று. அது 422 தர வேண்டும், 500 நிலை எண் தரக் கூடாது. எமோஜி கலந்தது ஒன்று. நான்காவதாக, ஓகாரக் குறியை ஒரே குறியீடாகத் தட்டாமல், ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்துத் தட்டிய கோத்தகிரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், குறியீட்டுக் கணக்கில் பிரித்துத் தட்டியது 10, சேர்த்துத் தட்டியது 9. எண்ணும் முன், பிரிந்த குறியீடுகளைச் சேர்த்து ஒன்றாக்கும் என்.எஃப்.சி என்ற யூனிகோட் முறையில் இயல்பாக்கிவிட்டால் இரண்டும் ஒன்பதாகிவிடும். அதற்கான நிரல் வரியை இப்போது திரையில் போடுகிறேன், நிறுத்தி வைத்து உங்கள் சர்வரில் ஓட்டிப் பாருங்கள்.