பிரசங்க பீடமும் விசாரணை மன்றமும்: போர்ச்சுகலின் புதிய கிறிஸ்தவர்கள்

(திரையில்: லிஸ்பன் நகரத்தின் பழைய வரைபடம். சாவோ தொமிங்கோஸ் தேவாலயம் தனியே குறிக்கப்பட்டிருக்கிறது.)

வணக்கம். 1506 ஏப்ரல் 19, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. லிஸ்பனில் கொள்ளைநோய் பரவியிருந்தது, மழை பொய்த்திருந்தது, மன்னர் முதலாம் மனுவேல் நகரை விட்டு வெளியேறியிருந்தார். தொமினிக்கன் துறவிகளின் தேவாலயத்தில் வேண்டுதலுக்காகக் கூடியிருந்த மக்கள், சிலுவையில் ஓர் ஒளி தெரிவதைக் கண்டு, அற்புதம் நடந்துவிட்டது என்று ஆர்ப்பரித்தார்கள். அங்கே நின்றிருந்த ஒருவர், பக்கத்தில் எரியும் மெழுகுவர்த்தியின் வெளிச்சமாக இருக்கலாம் என்று சொன்னார். அவர் ஒரு புதிய கிறிஸ்தவர், அதாவது யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். கூட்டம் அவரை வெளியே இழுத்துப்போய் அடித்துக் கொன்று, உடலைச் சதுக்கத்திலேயே எரித்தது.

அதோடு கோபம் அடங்கியிருக்கக்கூடும். ஆனால் ஒரு துறவி மக்களைப் பார்த்துப் புதிய கிறிஸ்தவர்களுக்கு எதிராகப் பிரசங்கித்தார். வேறு இருவர் சிலுவையைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி, "பதிதம், பதிதம்" (திருச்சபைக் கொள்கைக்கு விரோதம்) என்று கூவிக்கொண்டு முன்னே நடந்தார்கள். துறைமுகத்தில் நின்ற வெளிநாட்டுக் கப்பல்களின் மாலுமிகளும் கும்பலோடு சேர்ந்துகொள்ள, கொலையும் கொள்ளையும் மூன்று நாள் நீடித்தன. இறந்தவர்கள் 1,900 பேருக்கும் மேல் என்று அரசவை வரலாற்றாசிரியர் தமியாவோ தெ கோயிஸ் எழுதினார். இன்னும் அதிகம் என்று சொல்லும் பதிவுகளும் உண்டு. மன்னர் பின்னர் அந்தத் துறவிகளில் இருவருக்கு மரண தண்டனை விதித்தார். அரசரே இவ்வளவு கடுமையாக நடந்துகொண்ட பிறகும், அந்தப் பிரசங்கம் விதைத்த எண்ணம் அழியவில்லை. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் அது சட்டத்தின் துணையோடே வளர்ந்தது.

யார் இந்தப் புதிய கிறிஸ்தவர்கள்? 1492இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியபோது, அவர்களில் பெரும்பகுதியினர் எல்லை கடந்து போர்ச்சுகலுக்கு வந்தார்கள். 1497இல் மனுவேல் அவர்களையும் உள்நாட்டு யூதர்களையும் வற்புறுத்தித் திருமுழுக்குப் பெற வைத்தார். அவர்களும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும், திருப்பலிக்குத் தவறாமல் போனாலும் போகாவிட்டாலும், பிறப்பைக் கொண்டே சந்தேகத்துக்கு உள்ளானார்கள்.

1536இல் திருத்தந்தையின் ஆணையால், திருச்சபைக் கொள்கைக்கு மாறாக நடப்பவர்களை விசாரித்துத் தண்டிக்கும் சமய விசாரணை மன்றம் போர்ச்சுகலில் ஏற்பட்டது. சிறையையும் சித்திரவதையையும் பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. நான் இங்கே முக்கியமாகக் கருதுவது, மன்றத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்த சொல்லை. தேவாலயங்களில் மன்றத்தின் அறிக்கை வாசிக்கப்பட்டு, யாரைக் கண்டால் புகார் கொடுக்க வேண்டும் என்பது மக்களுக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. யூத வழக்கங்களை மறைவாகக் கைக்கொள்பவர்களைக் கண்டுபிடிக்க, 1536இன் அறிக்கை வீட்டுக்குள்ளேயே நுழைகிறது: வெள்ளிக்கிழமை மாலையில் விளக்கைத் துடைத்துப் புதுத் திரி போடுகிறவர்கள், சனிக்கிழமை சலவை உடுப்பு அணிகிறவர்கள், பன்றிக்கொழுப்பும் முயலும் செதில் இல்லாத மீனும் உண்ணாதவர்கள், வீட்டில் சாவு விழுந்தால் பானைத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறவர்கள். அறிந்தும் சொல்லாதிருப்பவருக்குத் திருச்சபையை விட்டு நீக்கும் தண்டனை காத்திருந்தது. இதைக் கேட்டு வீடு திரும்பிய ஒரு வேலைக்காரப் பெண், தன் எசமானியின் அடுப்பங்கரையை அதற்குப் பிறகு வேறு கண்ணால்தான் பார்த்திருப்பாள். அண்டை வீட்டாரையும் உறவினரையும் சாட்சிகளாக்குவதில் எந்தச் சிறைக்கூடத்தையும் விட அந்த வாசிப்புக்கே அதிக வலிமை இருந்தது என்பது என் கருத்து.

(திரையில்: ஆட்டோ ட ஃபே ஊர்வலத்தைக் காட்டும் பழைய செதுக்கோவியம்.)

விசாரணை முடிந்தவர்களின் தண்டனைகள் ஆட்டோ ட ஃபே என்னும் பொதுச் சடங்கில் அறிவிக்கப்பட்டன. குற்றவாளிகள் இழிவு அங்கி போர்த்து, கையில் மெழுகுவர்த்தி ஏந்தி ஊர்வலமாக வருவார்கள். தீர்ப்புகள் வாசிக்கப்படுவதற்கு முன் ஒரு பிரசங்கம் நடக்கும். பதில் பேச வழியில்லாதவர்களைப் பார்த்து, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நிகழ்த்தப்படும் அந்தப் பிரசங்கங்கள் பின்னர் அச்சாகியும் பரவின. 1705 செப்டம்பர் 6 அன்று லிஸ்பனின் ரோசியோ சதுக்கத்தில் பேசியவர், கேரளத்துக் கொடுங்கல்லூரின் பேராயராக இருந்த தியோகோ ஜுஸ்தினியானோ. எதிரே நின்றவர்களை யூத மதத்தின் பரிதாபமான எச்சங்கள் என்றும், தாங்கள் பின்பற்றும் சட்டத்தைக்கூட அறியாத மூடர்கள் என்றும் அவர் ஏசினார். அவர்களால் மறுமொழி சொல்ல முடியவில்லை. லண்டனிலிருந்த ரபி (யூத மதகுரு) தாவீது நியெட்டோதான் அந்தப் பிரசங்கத்துக்கு மறுப்பு எழுதினார்.

கொடுங்கல்லூரின் பெயர் இங்கே வருவதில் வியப்பில்லை. முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே போதித்த புனித சவேரியாரே, இந்தியாவுக்கும் விசாரணை மன்றம் தேவை என்று 1546இல் போர்ச்சுகல் மன்னருக்கு எழுதினார். 1560இல் அது கோவாவில் அமைந்தது.

ஆனாலும் அதே பிரசங்க பீடத்தில் எதிர்க்குரலும் ஒலித்தது. இயேசு சபையைச் சேர்ந்த அந்தோனியோ வியெய்ரா, மன்னர் நான்காம் ஜோவானின் அரசவைப் பிரசங்கியார். புதிய கிறிஸ்தவர்களை விரட்டுவது நாட்டின் வணிகத்தை அழிப்பதாகும் என்று மன்னரிடம் வாதாடினார். பிரேசில் வணிகக் கம்பெனி 1649இல் தொடங்கப்பட்டபோது, அதில் அவர்கள் இட்ட பணத்தை மன்றம் பறிமுதல் செய்யக்கூடாது என்ற சலுகைக்கு அவருடைய முயற்சி பெரிதும் காரணம். பிரேசிலின் பழங்குடி மக்களை அடிமைகளாகப் பிடிப்பதையும் அவர் பிரசங்கத்திலேயே கண்டித்தவர். மன்னர் 1656இல் இறந்ததும் அவருக்கு அரண் போயிற்று. இறந்த மன்னர் உயிர்த்தெழுவார் என்று அவர் எழுதிய ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்ட மன்றம், 1665இல் கொயிம்ப்ராவில் அவரைச் சிறையிட்டது. 1667 டிசம்பரில் வந்த தீர்ப்பு அவரைச் சபை இல்லத்தில் அடைத்து வைக்கச் சொன்னதோடு, பிரசங்கிக்கவே கூடாது என்றும் தடுத்தது. ஒரு பிரசங்கியாரின் நாவுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை அந்த நீதிபதிகள் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டே தண்டனை தளர்த்தப்பட, வியெய்ரா 1669இல் ரோமுக்குச் சென்றார். அங்கே அவரும் பிறரும் தொடர்ந்து முறையிட்டதன் பயனாக, 1674இல் திருத்தந்தை பத்தாம் கிளமெந்து போர்ச்சுகல் மன்றத்தின் நடவடிக்கைகளை நிறுத்தி வைத்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பின் அது மீண்டும் இயங்கத் தொடங்கியது; வியெய்ரா அதே 1681இல் பிரேசிலுக்குத் திரும்பி, 1697இல் பாஹியாவில் இறந்தார்.

பழைய கிறிஸ்தவர், புதிய கிறிஸ்தவர் என்ற பாகுபாட்டைச் சட்டம் ஒழித்தது 1773இல்தான். அமைச்சர் பொம்பாலின் முயற்சியால் வந்த அந்தச் சட்டம், இனி ஒருவரைப் புதிய கிறிஸ்தவர் என்று சொல்வதையே குற்றமாக்கி, அப்படிச் சொல்லும் குருக்களை நாடு கடத்தவும் வகை செய்தது.